மூங்கிலின் கனம்

என் கணவர் கஸ்தூரிரங்கன் பொய் சொல்ல மாட்டார் என்று மல்லேஸ்வரத்தில் அவரைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். நானும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிசியோதெரபி கிளினிக்கில் அன்று அவர் பேசியதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான், இந்த நல்ல பெயரை மனுஷர் எப்படிச் சம்பாதித்தார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

கிளினிக், சம்பிகே ரோட்டிலிருந்து பிரியும் ஒரு கிராஸில், பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் தர்ஷினி ஈரோட்டுப் பெண். எங்கள் பெண் ஷ்ரேயாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். இவரைக் குப்புறப் படுக்க வைத்து இடுப்பை அழுத்திப் பார்த்தாள். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கச் சொன்னாள். அப்புறம் எழுந்து உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"வெயிட் ஏதாச்சும் தூக்குவீங்களா சார்? கேஸ் சிலிண்டர், தண்ணி கேன், அந்த மாதிரி?"

"ஒண்ணும் கிடையாதும்மா. ஆபீசுக்கு லேப்டாப் பேக் எடுத்துண்டு போறேன். அவ்வளவுதான்."

"இடது தோள்ல நல்லாக் காய்ச்சுப் போயிருக்குதுங்களே."

"அது பெருமாளை ஏளப்பண்றதுல வந்தது."

அவளுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். "கோயில் உற்சவத்துல பெருமாளை வாகனத்துல வெச்சு, தோள்ல தாங்கிண்டு வீதி சுத்தி வருவாம்மா. இவர் முன்னாடி தண்டைத் தாங்கறவர்."

"ஓ. அது எவ்ளோ வெயிட்டுங்க சார் இருக்கும்?"

"வெயிட்டெல்லாம் இல்லை," என்றார்.

"தோராயமாச் சொன்னாப் போதுங்க."

"இல்லவே இல்லைம்மா. பெருமாளுக்கு ஏது வெயிட்?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்தேன். அவள் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டாள். பாரம் எதுவும் தூக்காதவர் என்றுதான் தட்டியிருக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் கணக்கில் அது பொய் இல்லை. எங்கள் கோயிலில் பெருமாளைத் தோளில் தாங்குகிறவர்கள் 'கனம்' என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். வெயில் கொளுத்துகிறது என்று சொல்லலாம். தார் ரோடு காலைச் சுடுகிறது என்று சொல்லலாம். கனக்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது. பெருமாள் தானே தன்னை ஏளப்பண்ணிக்கொள்கிறார், நாம் கூட நடக்கிறோம், அவ்வளவுதான் என்பது அவர்கள் பேச்சு. புதிதாகத் தோள் கொடுக்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான். நானும் பெருமாளைத் தராசில் வைக்கிறவள் இல்லை. ஆனால் இடுப்புக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் இந்த ஆசாரம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இடுப்பு பிடித்துக்கொண்டது போன சித்திரையில். கருட சேவை. காலை வெயில் ஏறுவதற்கு முன்பே புறப்பாடு ஆகிவிட்டது. கோயில் வீதியிலிருந்து எங்கள் கிராஸுக்குத் திரும்பும் முனை குறுகலானது. அங்கே வாகனம் இடது பக்கமாகச் சுழல வேண்டும். சுழலும்போது உள்பக்கம் இருக்கிற முன் ஆள்மேல்தான் எல்லாம் இறங்கும். அது இவர் இடம். அந்தத் திருப்பத்தில் இவர் முட்டி மடங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். கருடன் ஒரு பக்கம் சாய்ந்தது. குடை சாய்ந்தது. கூட்டம் "கோவிந்தா" என்று கத்தியது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் பாய்ந்து தோள் கொடுத்தார்கள். பெருமாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவரைத்தான் ஆட்டோவில் கோணலாகப் படுக்க வைத்துக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் எத்தனையோ நாள் நான்தான் அவருக்கு சாக்ஸ் மாட்டிவிட்டேன்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு இல்லை, வயிற்றுத் தசையும் இடுப்புத் தசையும் தளர்ந்துவிட்டன, பிசியோவுக்குப் போங்கள் என்றார். இவர் போகலாம் போகலாம் என்று நாளைக் கடத்தினார். கார்த்திகையில் ரங்கநாதன் வீட்டுக்கு வந்த பிறகுதான் புத்தி வந்தது.

ரங்கநாதன் ஆடிட்டர். கோயிலில் தோள் கொடுப்பவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். ஒவ்வொருவர் தோளின் உயரத்தையும் பார்த்து, யாருக்கு யார் ஜோடி, யார் முன், யார் பின் என்று நிறுத்துவது அவர் வேலை. காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, மெதுவாகச் சொன்னார்.

"கஸ்தூரி, சித்திரைக்கு முன்னாடி ரெண்டு ஒத்திகை இருக்கு. நீ நின்னேன்னா உன் இடம் உனக்கு. இல்லேன்னா இந்த வருஷம் தாங்குகட்டையை எடுத்துண்டு வா. அதுவும் கைங்கர்யந்தானே."

வாகனம் நிற்கிற இடங்களில் தண்டுக்கு அடியில் கொடுக்கிற கவைக்கம்புதான் தாங்குகட்டை. அதைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நடந்து வருவது வயதானவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் கொடுக்கிற வேலை. இவர் "ஆகட்டும் அண்ணா" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அந்த இடம் போனால் இவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். இவருக்கு ஆபீஸில் பெரிய பதவி இல்லை, அதில் ஆசையும் இல்லை. பாட்டு, சீட்டு, சினிமா எதுவும் கிடையாது. வருஷத்தில் சில நாள் அந்த மூங்கிலுக்கு அடியில் தோளை வைக்கும்போது ஒரு முகம் வரும் இவருக்கு. எங்கள் கல்யாணத்தில்கூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனாலும் அந்த முகம் இல்லாத இவரோடு மிச்ச வருஷங்களை ஓட்டுவது எனக்குத்தான் கஷ்டம். அதனால்தான் இழுத்துக்கொண்டு போய் தர்ஷினியிடம் உட்கார வைத்தேன்.

அவள் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளை இவர் ஒரு நாள் விடாமல் செய்தார். காலையில் சந்தியாவந்தனம் முடித்ததும் ஹாலில் பாயை விரிப்பார். முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துவது ஒன்று. மல்லாக்கப் படுத்துத் தோளை மட்டும் தூக்குவது ஒன்று. இன்னொன்றில் கையையும் காலையும் மேலே தூக்கி, ஒரு கையையும் எதிர்க் காலையும் மாற்றி மாற்றி நீட்ட வேண்டும். அதற்கு 'டெட் பக்' என்று பெயர் என்று தர்ஷினி சொன்னாள். செத்த பூச்சி என்பதைக் காலங்கார்த்தாலே சொல்வானேன் என்று இவர் அதற்கு 'அந்த மூணாவது' என்று பெயர் வைத்துக்கொண்டார்.

தை முடிவதற்குள் தொப்பை கொஞ்சம் உள்ளே போயிற்று. வேஷ்டி மடிப்பு கச்சிதமாக நின்றது. "தொட்டுப் பாரேன், கல்லு மாதிரி இருக்கு," என்று என்னிடம் வயிற்றைக் காட்டினார். நான் விரலால் குத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. தர்ஷினியும் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் போற உடம்புக்கு இது தாராளங்க சார்," என்றாள். ஆபீஸ் போகிற உடம்புக்கு என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன். இவர் தாராளம் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.

மாசியில் முதல் ஒத்திகை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயில் பின்புறத்து மைதானத்தில். ஒத்திகைக்குப் பெருமாள் வர மாட்டார், கருடனும் வர மாட்டார். வெறும் சட்டத்தில் தண்டுகளைக் கட்டி, மேலே மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். எத்தனை மூட்டை என்று யாரும் எண்ண மாட்டார்கள். எண்ணினால் பெருமாளை எடை போட்டது மாதிரி ஆகிவிடுமாம். அடுத்தவர் கணக்கில் காலணாவை விடாத ரங்கநாதன், இங்கே மட்டும் எதையும் எண்ணாமல் தண்டு வளைவதையே பார்த்துக்கொண்டிருப்பார். உற்சவத்தன்று வளைகிற அளவுக்கு வளைந்ததும், "போறும்," என்பார்.

நான் வேலியோரமாக நின்று பார்த்தேன். தூக்கியது சரியாக இருந்தது. நேராக நடந்ததும் சரியாக இருந்தது. இடது பக்கம் திரும்பச் சொன்னதும் இவர் இடுப்பு வெளிப்பக்கமாகப் பிதுங்கியது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டார். சட்டத்தை இறக்கினார்கள். ரங்கநாதன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

"பங்குனில இன்னொரு வாட்டி பாக்கலாம் கஸ்தூரி. ஆனா தாங்குகட்டையை மனசுல வெச்சுக்கோ," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஊஞ்சலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"வசு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லப்படாது."

"சொல்லுங்கோ."

"போன வருஷம் அந்தத் திருப்பத்துல கனத்தது."

எனக்கு முதலில் அந்தச் சொல்லே வித்தியாசமாகக் கேட்டது. அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதே இல்லை.

"ஒரேயடியாக் கனத்தது வசு. இத்தனை வருஷத்துல அப்படி இருந்ததே இல்லை. மத்தவா எல்லாரும் பூ மாதிரி ஏளப்பண்ணிண்டு வரா. எனக்கு மட்டும் கனக்கறதுன்னா என்ன அர்த்தம்? பெருமாள் என் தோள் வேண்டாம்னு நெனச்சுட்டாரோன்னு..." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரு வருஷமாக இதையா மனசில் வைத்துக்கொண்டு புழுங்கினார் என்று எனக்கு மனசு ஒடிந்துபோயிற்று. ஆனால் எனக்கு இரக்கம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஐம்பது வயசு தாண்டியாச்சு. வருஷம் பூரா நாற்காலில உக்காந்திருக்கேள். ராத்திரி மூணு தோசை வாத்தாலும் நாலாவது இருக்கான்னு கேக்கறேள். இதுல கனக்காம என்ன பண்ணும்? பெருமாளுக்கு உங்க மேல கோபம்னா, உங்க இடுப்பைப் புடிச்சுத் திருகித்தான் சொல்லணுமா?"

"உனக்குப் புரியாது."

"சரி, புரியலை. இன்னிக்குச் சட்டத்து மேல யார் ஏளியிருந்தா?"

அவர் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

"மணல் மூட்டை. அதுவும் கனத்துதே. மணலுக்கும் உங்க மேல கோபமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், "அப்போ இது உடம்புதாங்கறயா?" என்றார்.

"உடம்புதான். நாளைக்கு தர்ஷினிகிட்ட எவ்வளவு கனம்னு சொல்லுங்கோ."

"அது மட்டும் முடியாது. நீயும் சொல்லப்படாது."

மறுநாள் சாயங்காலம் கிளினிக்கில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒத்திகையில் திரும்பும்போது பிடித்துக்கொண்டதை இவர் சொன்னார். தர்ஷினி குழம்பினாள்.

"பாரம் எதுவும் இல்லைன்னீங்களே சார். அதனாலதான் நான் வெயிட் வெச்சு எதுவுமே குடுக்கலை. வெறும் உடம்புப் பயிற்சியோட நிறுத்திட்டேன். நிஜமா எவ்ளோ கனம்னு தெரிஞ்சாத்தானுங்களே அதுக்கு உங்க வயித்தைப் பழக்க முடியும்?"

நான் நாற்காலியை இவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"பெருமாள் கனம் இல்லை. சரி. கருடன்?"

"பெரிய திருவடி. அவரையும் சொல்லப்படாது."

"மணல்?"

"மணலைச் சொன்னா பெருமாளைச் சொன்ன மாதிரிதான். ரங்கநாதண்ணா அதுக்குத்தானே எண்ணாம விடறார்."

"தண்டு?"

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"தண்டு மூங்கில்தானே? ஷிமோகா பக்கத்துலேர்ந்து லாரில வந்து இறங்கித்து, நானே பார்த்தேன். மூங்கிலைப் பத்திச் சொல்லப்படாதுன்னு யாராவது சொல்லியிருக்காளா?"

"இல்லை," என்றார் மெதுவாக. "மூங்கிலைப் பத்தி யாரும் சொன்னதில்லை."

"மூங்கில் கனக்குமா, கனக்காதா?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு தர்ஷினியைப் பார்த்து, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் மாதிரி, "கனக்கும்," என்றார்.

"எவ்ளோங்க சார்?"

"என் தோள்ல மட்டும் அம்பது கிலோ வரும்மா. திருப்பத்துல இன்னும் ஜாஸ்தி."

"மூங்கில்?"

"மூங்கில்."

தர்ஷினி சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. கம்ப்யூட்டரில் அதைத் தட்டிக்கொண்டு, "எங்க பக்கத்து மூங்கிலெல்லாம் இவ்ளோ கனக்காதுங்க," என்று மட்டும் சொன்னாள்.

"இது மலெநாட்டு மூங்கில்," என்றார் இவர்.

அதற்கப்புறம் வேலை வேறு மாதிரி ஆயிற்று. ஒரு தோளில் மட்டும் பாரம் இறங்கும்போது உடம்பு ஒரு பக்கம் ஒடியப் பார்க்கும், ஒடியவிடாமல் இழுத்துப் பிடிப்பது வயிற்றின் பக்கவாட்டுத் தசைகள், சும்மா படுத்து எழுந்தால் அவை ஓரளவுக்கு மேல் பழகாது என்று தர்ஷினி விளக்கினாள். கை கால் மாதிரி வயிற்றுக்கும் பாரம் வைத்துத்தான் பலம் ஏற்ற வேண்டுமாம். கொஞ்சமாக ஆரம்பித்து, அது சுலபமானதும் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். அவசரப்படக் கூடாது. தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, வெளியே விட வேண்டும். இடுப்பு வளைந்தால் உடனே பாரத்தைக் குறைக்க வேண்டும்.

முதல் நாளே ஒரு சண்டை. காலையில் ஹாலுக்கு வந்தால், இவர் ஐந்து கிலோ சோனா மசூரிப் பையை மார்மேல் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து படுத்துக்கொண்டிருக்கிறார். தளிகைக்கு வைத்த அரிசி. பெருமாளுக்கு அமுது செய்விக்க வேண்டிய அரிசியை வேர்த்த உடம்பில் போட்டுக்கொண்டு உருளலாமா என்று நான் கேட்டேன். பெருமாளுக்கு எடை உண்டா என்பதில் அத்தனை ஆசாரம் பார்த்தவர், இதற்குத் திருதிருவென்று விழித்தார். அந்த அரிசியை வேலைக்கு வருகிற லட்சுமம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஷ்ரேயாவின் அலமாரியைக் குடைந்தேன். ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போகும்போது அவள் விட்டுப்போன டம்பெல் ஜோடி கிடைத்தது. கத்திரிப்பூ நிறம். அதைப் பிடித்துக்கொண்டுதான் என் கணவர் மலெநாட்டு மூங்கிலுக்குத் தயாரானார்.

அது போதாமல் போனதும் ஜிம் சாமான் கடையிலிருந்து இரண்டு இரும்புத் தட்டு வாங்கி வந்தோம். மல்லாக்கப் படுத்தவர் அதைத் தானே எடுத்து மார்மேல் வைத்துக்கொள்வது கஷ்டம். எடுத்துக் கொடுப்பதும் திருப்பி வாங்குவதும் என் வேலையாயிற்று. அவர் எழும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து "மூச்சு, மூச்சு" என்று சொல்வேன். ஒரு நாள் நான் பார்க்காத நேரத்தில் இரண்டு தட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு செய்து பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி ஒரு தோசையோடு நிறுத்தினேன்.

ஒரு கையில் மட்டும் பாரத்தைப் பிடித்துக்கொண்டு சாயாமல் நடப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று தர்ஷினி சொல்லியிருந்தாள். அதற்கு வாளிதான் சரிப்பட்டது. குழாயில் காவேரித் தண்ணீர் வருகிற நாட்களில் வாளியை நிரப்பி, ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி, மொட்டை மாடியில் என் துளசிக்கும் மல்லிக்கும் ஊற்றிவிட்டு வருவார். திரும்பி வந்து கையை மாற்றிக்கொள்வார். கொஞ்ச நாளில், கடைக்காரப் பையன் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போகிற குடிதண்ணீர் கேனையும் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தார். எங்கள் மல்லி அந்த வருஷம் பூத்த மாதிரி எப்போதும் பூத்ததில்லை. எனக்கும் தட்டு எடுத்துக் கொடுத்துக் கொடுத்துக் கையில் தெம்பு வந்திருந்தது. உண்மையைச் சொன்னால் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவை. காலையில் அரை மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே காரியத்தில் இருந்தோம்.

பங்குனி ஒத்திகையில் திரும்பியபோது இடுப்பு பிதுங்கவில்லை. ரங்கநாதன் இன்னொரு தரம் திருப்பச் சொன்னார். அப்போதும் நின்றது. "சரி, உன் இடம் உனக்கு," என்றார். உடனே, "ஆனா திருப்பத்துக்கு முன்னாடி சாய்கிருஷ்ணா உன் பின்னாலேயே வருவான். உன் முகம் மாறித்துன்னா நான் கையைக் காட்டுவேன். நீ தோளை எடுத்துடணும், அவன் போட்டுப்பான். பேச்சு கிடையாது," என்றும் சேர்த்துக்கொண்டார்.

சாய்கிருஷ்ணா சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறவன். சில வருஷமாகத் தோள் கொடுக்கிறவன். முப்பது வயது, மலை மாதிரி உடம்பு, பரம சாது. "நான் சும்மா கூட வரேன் அங்கிள், அவ்வளவுதான்," என்று இவரைச் சமாதானப்படுத்தினான். இவர் வீட்டுக்கு வந்து அன்று வழக்கத்தைவிட ஒரு வாளி அதிகமாகத் தூக்கினார்.

கருட சேவையன்று எங்கள் கிராஸ் முழுக்க கோலம். தர்ஷினியை நான் கூப்பிட்டிருந்தேன். அவள் லீவு போட்டுவிட்டு, பட்டுப் புடவையில் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். முனையில், போன வருஷம் நான் நின்ற அதே இடத்தில் நின்றோம். என் கையில் ஆரத்தித் தட்டு.

நாதஸ்வரம் முதலில் வந்தது. குடை தெரிந்தது. பிறகு கருடன், மேலே மாலைகளுக்கு நடுவில் பெருமாள். இவர் இடது முன்தண்டில் வந்தார். பின்னால் ஒட்டினாற்போல் சாய்கிருஷ்ணா. பக்கவாட்டில், இவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ரங்கநாதன். அவரும் தண்டுக்கு அடியில்தான் இருந்தார், முன்வரிசையில், வெளிப்பக்கத் தண்டில்.

"நிதானா, நிதானா," என்று குரல் கொடுத்தார் ரங்கநாதன். வாகனம் திரும்ப ஆரம்பித்தது. தண்டு இவர் பக்கம் இறங்கி வளைந்தது. இவர் கழுத்து நரம்பு புடைத்தது. சாய்கிருஷ்ணா தோளில் துணிச் சும்மாட்டைச் சரி பண்ணிக்கொண்டான். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, ஆனால் மூட முடியவில்லை.

"மூச்சை விடுங்க சார்," என்று தர்ஷினி என் பக்கத்தில் முணுமுணுத்தாள்.

அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? ஆனால் அந்த நேரத்தில் அவர் உதட்டைக் குவித்து, ஹாலில் தட்டோடு எழும்போது விடுகிற மாதிரியே நீளமாக மூச்சை விட்டார். நானும் விட்டேன். இடுப்பு நேராக நின்றது. ஒரு அடி, இன்னொரு அடி. ரங்கநாதன் கையை உயர்த்தவில்லை. கருடன் சாயாமல், குடை சாயாமல், வாகனம் எங்கள் கிராஸுக்குள் நுழைந்தது.

எங்கள் வாசலுக்கு எதிரே ஆரத்திக்காக நிறுத்தினார்கள். தாங்குகட்டைகளைத் தண்டுக்கு அடியில் கொடுத்தார்கள். எல்லோரும் தோளை எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டார்கள். நான் தட்டோடு கிட்டே போனபோது, இவர் ரங்கநாதனிடம் பேசுவது கேட்டது.

"ரங்கநாதண்ணா."

"என்னடா?"

"இந்த மூங்கில் ரொம்பக் கனம் அண்ணா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்டோரமாக நின்ற எல்லோரும் துடைப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சொல்லை அந்த வரிசையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ரங்கநாதன் தண்டைப் பார்த்தார். மேலே பெருமாளைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"மூங்கிலா?"

"மூங்கில்தான் அண்ணா."

ஆடிட்டர் மூளை அதை இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவர் முகம் மெள்ள இளகியது. குனிந்து, தண்டின் அடியைத் தடவிக்கொடுத்தார்.

"உனக்கு இப்பத்தான் தெரியறதா? நான் தோள் குடுக்க வந்த மொதல் வருஷத்துலேர்ந்தே எனக்கு இது கனந்தான்."

"எனக்கும்ணா," என்றார் பின்தண்டிலிருந்து ஒருவர்.

சாய்கிருஷ்ணா தன் பெரிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிண்டிருந்தேன் அங்கிள்," என்றான்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. முன்தண்டிலிருந்து பின்தண்டு வரைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். பட்டர் கற்பூரத்தைக் காட்டிக்கொண்டே, என்ன ஆயிற்று இவர்களுக்கு என்று எட்டிப் பார்த்தார். என் கணவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வருஷமாக அவர் மனசில் கிடந்தது அந்தத் தெருவில், என் கண் முன்னால் இறங்கியது. எனக்கும் அழுகை வந்தது. ஆரத்தித் தட்டு கையில் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. தர்ஷினி அவள் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

"ஏளப்பண்ணலாமா?" என்று ரங்கநாதன் குரல் கொடுத்தார்.

எல்லோரும் தோளை வைத்தார்கள். தாங்குகட்டைகளை எடுத்தார்கள். இவருக்கு அந்த முகம் வந்தது. மூங்கில் வளைந்தது. பெருமாள் கனமே இல்லாமல் எழுந்தார்.